வேதாகமப் புத்தகச் சீட்டு: விதித்தாளைக் கரையான் தின்றுவிட்டது, எப்படி விளையாடுவது?

பாறசாலை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். பாறசாலைப் பக்கம் ஒரு சின்ன சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். போன வாரம் சபை அலமாரியை ஒதுக்கும்போது பழைய கிறிஸ்மஸ் தோரணங்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைத்தது. திறந்தால் ஒரு கட்டு சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் வேதாகமத்தின் ஒரு புத்தகப் பெயர், தமிழில். மேல் மூலையில் வரிசை எண். ஓரத்தில் ஒரு நிறப் பட்டை, நியாயப்பிரமாணத்துக்கு ஒன்று, சரித்திரத்துக்கு ஒன்று என்று போகிறது. கூடவே ஒரு விதித்தாளும் இருந்திருக்கிறது, ஆனால் கரையான் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பதில் வாசிக்க முடிந்தது "ஆட்டக்காரர்கள்" என்ற ஒரு சொல்தான்.

எனக்குத் தோன்றிய மாதிரி ஒருமுறை ஆட வைத்தேன். சீட்டுகளைப் பங்கு போட்டு, ஒரே நிறத்தை யார் முதலில் முழுசாகச் சேர்க்கிறார்களோ அவர்களே வெற்றி என்றேன். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே ஒரு பையன் "டீச்சர், ஜெயிச்சேன்" என்று எழுந்து நின்றான். பார்த்தால் அவன் கையில் அப்போஸ்தலருடைய நடபடிகள். அந்த நிறத்தில் அந்த ஒரு சீட்டுதான் உண்டு! வெளிப்படுத்தின விசேஷமும் அப்படியே, தனி நிறம், தனிச் சீட்டு. இன்னொரு பக்கம் சரித்திர ஆகமங்களைச் சேர்க்க உட்கார்ந்த பிள்ளை 12 சீட்டுக்கு அலைந்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

என் வகுப்பில் 8 பிள்ளைகள், வயது 7 முதல் 13 வரை. இன்னொரு சிக்கலும் உண்டு. நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், ஆனால் பிள்ளைகளில் மூன்று பேர் மலையாளப் பள்ளி, இரண்டு பேர் இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். வேகமாக வாசிக்க வேண்டிய ஆட்டம் என்றால் அந்த ஐந்து பேரும் ஒதுங்கிவிடுவார்கள். இந்தச் சீட்டை ஆடத் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கிடைத்தால் உபகாரம்.


மார்த்தாண்டம் அண்ணாச்சி:

டீச்சர், விதித்தாள் போனதற்குக் கவலைப்படாதீர்கள். சாதாரணச் சீட்டுக்கட்டுக்கு ஒரே ஒரு ஆட்டம்தானா இருக்கிறது? இதற்கும் அப்படித்தான். நான் இருபது வருஷமாக விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறேன், எங்களிடம் ஓடுகிற ஆட்டத்தைச் சொல்கிறேன்.

ஆட உட்காருமுன் சீட்டை எண்ணுங்கள். 66 இருக்க வேண்டும். பழைய டப்பா என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

அப்புறம் அந்த மூலையில் இருக்கிற எண். அதுதான் வில்லன். எண் கண்ணில் பட்டால் பிள்ளைகள் 34க்கு அடுத்து 35 என்று அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள், நாகூமும் ஆபகூக்கும் யாரென்று பார்க்கவே மாட்டார்கள். முதல் நாள் எண் இருக்கட்டும், பழகிக்கொள்ளட்டும். அடுத்த வாரம் எண்ணின்மேல் துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். கறுப்பு டேப் வேண்டாம், நிறப் பட்டையோடு சேர்த்துப் பார்க்க அசிங்கமாக இருக்கும்.

நிறம் சீராக இல்லை என்பது உண்மை, அதைக் கொஞ்சம் நாமே திருத்திக்கொள்ள வேண்டும். பழைய ஏற்பாடு பிரச்சினையே இல்லை: நியாயப்பிரமாணம் 5, சரித்திரம் 12, பாட்டும் ஞானமும் 5, பெரிய தீர்க்கதரிசிகள் 5, சிறிய தீர்க்கதரிசிகள் 12. மொத்தம் 39. புதிய ஏற்பாட்டில் நான்கு சுவிசேஷத்தோடு நடபடிகளைச் சேர்த்து 5 ஆக்குங்கள். லூக்காவும் நடபடிகளும் ஒரே கை எழுதியது என்றுதானே சொல்லிக்கொடுக்கிறோம், அதனால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பவுலின் நிருபங்களை இரண்டாகப் பிரியுங்கள். ரோமர் தொடங்கி 2 தெசலோனிக்கேயர் வரை சபைகளுக்கு எழுதியவை 9, தீமோத்தேயு இரண்டும் தீத்துவும் பிலேமோனும் ஆட்களுக்கு எழுதியவை 4. மிச்சம் எபிரெயரில் தொடங்கி யூதா வரை 8, அதன் வாலில் வெளிப்படுத்தின விசேஷத்தை ஒட்டினால் 9. ஆக 27. இப்போது ஒற்றைச் சீட்டு நிறம் எதுவும் கிடையாது, உங்கள் பையன் எழுந்து நிற்க முடியாது.

சரி, ஆட்டம். சாதாரணச் சீட்டில் ஏழாம் எண் சீட்டை நடுவில் போட்டுவிட்டு மேலும் கீழும் அடுக்கிக்கொண்டே போவோமே, அதன் தம்பி இது. ஒன்பது கூட்டத்திலும் முதல் சீட்டை மட்டும் எடுத்து, பாயில் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக வையுங்கள்: ஆதியாகமம், யோசுவா, யோபு, ஏசாயா, ஓசியா, மத்தேயு, ரோமர், 1 தீமோத்தேயு, எபிரெயர். மிச்சம் 57 சீட்டு. நன்றாகக் கலைத்து எட்டுப் பேருக்கும் ஏழு ஏழாகப் பங்கு போட்டால் ஒன்று மிஞ்சும். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அதன் முறை வரும்போது நீங்களே போட்டுவிடலாம்.

ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது ஏதாவது ஒரு வரிசையில் அடுத்த புத்தகத்தை வைக்க வேண்டும். ஆதியாகமத்துக்குப் பக்கத்தில் யாத்திராகமம் தவிர வேறு எதுவும் வரக் கூடாது. வைக்கும்போது பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அது முக்கியம். கையில் போட வழி இருந்தால் போட்டே ஆக வேண்டும், இரண்டு சீட்டுக்கு வழி இருந்தால் எதைப் போடுவது என்பது அவரவர் இஷ்டம். வழியே இல்லையென்றால் "பாஸ்". கை முதலில் காலியாகிறவர் வெற்றி.

இந்த "அவரவர் இஷ்டம்" என்ற இடத்தில்தான் ஆட்டத்தின் ருசி. போன மே மாதம் ஒரு பதினொரு வயது வாண்டு, கையில் ரூத்தை வைத்துக்கொண்டு போடவே இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது ஒரு சீட்டைப் போட்டுவிட்டு மெதுவாக மோட்டுவளையைப் பார்ப்பான். ரூத் வராமல் 1 சாமுவேல் வராது, அது வராமல் எஸ்தர் வரைக்கும் ஒன்பது சீட்டும் அடைபட்டுக் கிடக்கிறது. மற்ற பிள்ளைகள் கையில் இராஜாக்களும் நாளாகமமும் வைத்துக்கொண்டு பாஸ், பாஸ் என்று கத்துகிறார்கள். கடைசியில் அவனுக்கு வேறு வழியே இல்லாமல் ரூத்தைப் போட்டபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு நின்றுவிட்டது. அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட இனி நியாயாதிபதிகளுக்கும் 1 சாமுவேலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைச் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு ஒரே ஏற்பாடு: பைபிளின் பொருளடக்கப் பக்கத்தைத் திறந்து நடுவில் வைத்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், நேரக் கணக்குக் கிடையாது. பார்ப்பது காப்பியடிப்பது ஆகாது. இரண்டு வாரம் பார்ப்பார்கள், மூன்றாவது வாரம் பார்க்க அலுப்பாகி மனசில் இருந்தே போடுவார்கள். தப்பாகப் போட்டதை இன்னொருவர் பொருளடக்கம் காட்டி நிரூபித்தால், பிடித்தவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டைத் தப்புப் போட்டவரிடம் தள்ளிவிடலாம். இது இருந்தால் எல்லாரும் அந்தப் பக்கத்தை விழுந்து விழுந்து வாசிப்பார்கள், கட்டாயப்படுத்தவே வேண்டாம்.


கடலோரத்துக்காரன்:

அண்ணாச்சி சொன்ன வரிசை ஆட்டம் பிரமாதம். ஆனால் எங்கள் பக்கம் வந்தால் உங்கள் 66 கணக்கு இடிக்குமே. குளச்சல் பக்கம் நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் பைபிளில் 73. பழைய ஏற்பாட்டில் 46 வரும், புதியதில் உங்களைப் போல அதே 27. கூடுதல் ஏழு எவை என்றால் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, 1 மக்கபேயர், 2 மக்கபேயர். மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் ஏழு சீட்டு தனியாக வெட்டி, பத்தாவது வரிசையாகத் தோபித்தில் தொடங்கி வைத்துக்கொள்கிறோம். எங்கள் தமிழ்ப் பைபிளிலும் இணைத்திருமுறை என்று தனிப் பகுதியாகத்தான் அச்சிட்டிருக்கிறார்கள், அதனால் உள்ளே எங்கே செருகுவது என்ற சண்டை வராது.

ஆனால் டீச்சருக்கு நான் சொல்ல வந்தது இதில்லை, பெயர் விஷயம். என் வீட்டுக்காரி சிஎஸ்ஐ குடும்பம், அதாவது தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட். விடுமுறைக்கு மார்த்தாண்டத்தில் மாமியார் வீட்டுக்குப் போன என் மகள் ஓடிவந்து, "அப்பா, பாட்டி பைபிள்ல உபாகமம்னு ஒரு புத்தகம் இருக்கு, நம்ம பைபிள்ல அது இல்ல, கிழிஞ்சு போச்சா?" என்றாள். இணைச்சட்டம்தான் உபாகமம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. நானும் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அன்று ராத்திரியே பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒரு ஜோடி ஆட்டம் செய்தோம். ஒரு சீட்டில் பாட்டி பெயர், இன்னொன்றில் எங்கள் பெயர். ஆதியாகமத்துக்குத் தொடக்கநூல், யாத்திராகமத்துக்கு விடுதலைப்பயணம், நியாயாதிபதிகளுக்கு நீதித்தலைவர்கள், நாளாகமத்துக்குக் குறிப்பேடு, சங்கீதத்துக்குத் திருப்பாடல்கள், பிரசங்கிக்குச் சபை உரையாளர், உன்னதப்பாட்டுக்கு இனிமைமிகு பாடல், நடபடிகளுக்குத் திருத்தூதர் பணிகள். எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, ஒருவர் இரண்டு சீட்டைத் திறக்க வேண்டும். ஜோடி சேர்ந்தால் எடுத்துக்கொண்டு இன்னொரு முறை ஆடலாம், சேராவிட்டால் மறுபடி கவிழ்த்துவிட வேண்டும். எழுபது வயதான மாமியார்தான் அன்று ஜெயித்தார். ஞாபக சக்தி அப்படி.

டீச்சர், உங்கள் பிள்ளைகள் மலையாளம் படிக்கிறவர்கள் என்றால் மூன்றாவது சீட்டாக மலையாளப் பெயரையும் சேர்த்துவிடுங்கள். உல்பத்தி, புறப்பாடு, ஆவர்த்தனபுஸ்தகம், சங்கீர்த்தனங்கள் என்று அவர்கள் பள்ளித் தோழர்களிடம் கேட்டிருப்பார்கள். அந்தச் சீட்டை மலையாள எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தமிழ் வாசிக்கத் திணறுகிற அந்த மூன்று பேரும் அன்றைக்கு வகுப்பில் பெரிய ஆளாகிவிடுவார்கள்.


ரப்பர் தோட்டத்து ராசா:

அக்கா, எல்லாரும் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்கிறார்கள். 12, 13 வயதுக்காரர்களுக்கு இது ரெண்டே வாரத்தில் சலித்துவிடும், நான் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன். அவர்களுக்கு இரண்டு ஆட்டம் சொல்கிறேன்.

ஒன்று ட்ரம்ப் கார்டு. கிரிக்கெட் வீரர் படம் போட்ட சீட்டில் ரன்னை வைத்து மோதுவோமே, அதேதான். ஒவ்வொரு சீட்டிலும் பென்சிலால் அதிகாரங்களின் எண்ணிக்கையை எழுதுங்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, யோபு 42, ஏசாயா 66, எரேமியா 52, இப்படி. இந்த எண்ணைப் பிள்ளைகளையே பைபிளைப் புரட்டி எழுத வையுங்கள், ஒரு ஞாயிறு முழுக்க அதிலேயே போய்விடும். ஆளுக்கு இத்தனை என்று பங்கு போட்டு எல்லாரும் மேல் சீட்டைத் திறக்க வேண்டும். அதிக அதிகாரம் உள்ளவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ளலாம். சமமாக வந்தால், உதாரணமாக மத்தேயுவும் நடபடிகளும் இரண்டும் 28, அவர்கள் இருவர் மட்டும் அடுத்த சீட்டைத் திறந்து மோத வேண்டும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை. சங்கீதம் 150. அது யார் கையில் வந்தாலும் தோற்கவே தோற்காது, வைத்திருப்பவன் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து: ஒரே அதிகாரம் உள்ள புத்தகங்கள் ஐந்து இருக்கின்றன, ஒபதியா, பிலேமோன், 2 யோவான், 3 யோவான், யூதா. இந்த ஐந்தும் எல்லாரிடமும் தோற்கும், சங்கீதத்தை மட்டும் வீழ்த்தும். ஒபதியாவில் மொத்தமே 21 வசனம், அது 150 அதிகாரத்தை அடித்துச் சாய்க்கும்போது பார்க்க வேண்டுமே. இந்த ஒரு விதிக்காகவே அந்த ஐந்து பெயரையும் எங்கள் செட்டு முழுக்க மனப்பாடம் செய்தது, எந்தப் பரீட்சைக்கும் அப்படிப் படித்ததில்லை.

இன்னொன்று ரம்மி மாதிரி. ஆளுக்கு ஆறு சீட்டு, மிச்சம் நடுவில். ஒன்று எடுத்து ஒன்று இறக்க வேண்டும். தொடர்ச்சியாக மூன்று புத்தகம் இரண்டு முறை சேர்ந்தால் முடிந்தது, உதாரணமாக எஸ்றா, நெகேமியா, எஸ்தர். இதில் ஒரு தகராறு வரும், முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்: சகரியா, மல்கியா, மத்தேயு தொடர்ச்சியா இல்லையா? நான் இல்லை என்பேன். இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் வெள்ளைத் தாள் இருக்கிறதே.


ஓய்வுபெற்ற உபதேசியார்:

எல்லாரும் மன்னிக்க வேண்டும், வயதானவன் குறுக்கே வருகிறேன். பிள்ளைகளுக்குப் புத்தக வரிசை சொல்லிக்கொடுப்பது நல்ல காரியம். ஆனால் சபைக் கட்டடத்துக்குள் பாயை விரித்துச் சீட்டு ஆடுவது, ட்ரம்ப், ரம்மி என்று பெயர் வைப்பது, இதெல்லாம் தேவைதானா? இந்தப் பகுதியில் சீட்டாட்டத்தால் விளை நிலத்தை விற்ற குடும்பங்களை நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். பிள்ளை வீட்டில் போய் "இன்றைக்குச் சர்ச்சில் ரம்மி ஆடினோம்" என்றால் தாய்க்கு எப்படி இருக்கும்?

எங்கள் காலத்தில் ராகம் போட்டுப் பாடிப் படித்தோம். 39 என்ற எண்ணை எழுதி மூன்றையும் ஒன்பதையும் பெருக்கினால் 27, பழையதும் புதியதும் ஒரே எண்ணில் வந்துவிட்டது. வசன எண்ணைச் சொன்னதும் யார் முதலில் பைபிளைத் திறந்து எடுப்பது என்று போட்டி வைப்போம். அதில் போகாத நேரமா?


மார்த்தாண்டம் அண்ணாச்சி:

உபதேசியார் ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் சபையிலும் இதே பேச்சு எழுந்தது, அதனால் நாங்கள் "அட்டை" என்றுதான் சொல்கிறோம். ரம்மி என்ற பெயரைத் தம்பி மாற்றிக்கொள்ளலாம், "மூன்று தொடர்" என்றாலே போதும். காசு வைத்து ஆடுவது, ஒரு மிட்டாய்கூடப் பந்தயம் வைப்பது, இரண்டும் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் ஐயா, சீட்டு என்ற சொல் நம் வேதாகமத்திலேயே இருக்கிறதே. யோனாவின் கப்பலில் யாரால் இந்தப் புயல் என்று அறியப் போட்டது சீட்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்தது சீட்டு. அது குலுக்கல், இது ஆட்டம், வேறுதான், தெரியும். சும்மா உங்களைச் சிரிக்க வைக்கச் சொன்னேன்.

வசனம் எடுக்கும் போட்டி அருமையானது, நானும் நடத்துகிறேன். ஆனால் அதில் எப்போதும் வேகமாக வாசிக்கிற அதே மூன்று பிள்ளைகள்தான் ஜெயிக்கிறார்கள். டீச்சர் கேட்டதே மற்ற ஐந்து பேரைப் பற்றி.


ஓய்வுபெற்ற உபதேசியார்:

அட்டை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மத்தியா விஷயத்தில் வாதாட வரவில்லை, மனைவி கட்டன் காப்பியோடு கூப்பிடுகிறாள்.


பாறசாலை டீச்சர்:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. நேற்று அண்ணாச்சி சொன்ன வரிசை ஆட்டம் ஆடினோம். நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

நான் கொஞ்சம் அவசரக்காரி. எண் வில்லன் என்றீர்களா, சனிக்கிழமை ராத்திரியே எல்லாச் சீட்டிலும் வெள்ளை டேப் ஒட்டிவிட்டேன். நல்ல மழை, பிள்ளைகள் நனைந்துகொண்டு வந்தார்கள், எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். பாய் விரித்து, ஒன்பது சீட்டை இடது ஓரத்தில் வைத்து, மிச்சத்தைப் பங்கு போட்டேன். ஆளுக்கு ஏழு சரியாக வந்தது. ஆஹா, கணக்கு எவ்வளவு அழகாக முடிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பத்து நிமிஷம் யாரும் பொருளடக்கத்தைத் தொடவில்லை, வெட்கம். தமிழ் திக்கித் திக்கி வாசிக்கும் ஒரு பெண்பிள்ளை யாத்திராகமம் சீட்டை நீட்டி "புறப்பாடு" என்றாள். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கும் முன் நான் சரி என்று சொல்லிவிட்டேன், எந்த மொழியில் பெயர் சொன்னாலும் இடம் சரியாக இருந்தால் போதும் என்று அங்கேயே ஒரு விதி பிறந்தது. அதற்கப்புறம் அவள்தான் பொருளடக்கத்தைத் தன் மடிமேலேயே எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு பேரைத் தப்புப் போட்டதற்குப் பிடித்தாள்!

பிரச்சினை சிறிய தீர்க்கதரிசிகளில் வந்தது. ஓசியா, யோவேல், ஆமோஸ், ஒபதியா என்று நன்றாக ஓடி, செப்பனியாவில் வந்து நின்றது. அடுத்து ஆகாய் வர வேண்டும். ஒரு சுற்று போனது, வரவில்லை. இரண்டாவது சுற்றும் வரவில்லை. ஒருத்தி கையில் சகரியா, இன்னொருவன் கையில் மல்கியா, இரண்டு பேரும் அந்த ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து அந்த நடபடிகள் பையனைப் பார்த்தார்கள், அவன்தானே எப்போதும் குறும்பு. "நீதான் ஆகாயைப் பதுக்கி வச்சிருக்க, ஒத்துக்கோ டே" என்று சண்டை. அவன் அழுகிற குரலில் தன் கையிலிருந்த இரண்டு சீட்டையும் பாயில் மலர்த்திப் போட்டுக் காட்டினான், தீத்துவும் பிலேமோனும்தான். பாவம், அவனை நானும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் எல்லாரையும் கையைத் திறக்கச் சொல்லி, மொத்தத்தையும் எண்ணினோம். 65. ஆகாய் டப்பாவிலேயே இல்லை. எந்தக் காலத்தில் தொலைந்ததோ!


மார்த்தாண்டம் அண்ணாச்சி:

டீச்சர், நான் எழுதியதை மறுபடி வாசியுங்கள். எண்ணுங்கள் என்றேன். ஒன்று மிஞ்சும் என்றும் சொன்னேன். ஆளுக்கு ஏழு சரியாக வந்தபோதே மண்டையில் மணி அடித்திருக்க வேண்டாமா!

சரி விடுங்கள். நீங்கள் ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்திருந்தாலும் செப்பனியாவுக்கு அடுத்து என்ன என்று அவர்கள் மனசில் இப்படி ஏறியிருக்காது. புதுச் சீட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். கடலோரத் தம்பி சொன்ன கல்யாணப் பத்திரிகை அட்டை போதும்.


பாறசாலை டீச்சர்:

செய்தாகிவிட்டது அண்ணாச்சி. அந்த நடபடிகள் பையனே செய்தான், பழி போட்டதற்குப் பரிகாரமாக அந்த வேலையை அவனுக்குக் கொடுத்தேன். அவன் அக்கா கல்யாணப் பத்திரிகையை அளவாக வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் ஆகாய் என்று தடியாக எழுதி, ஓரத்தில் நிறமும் தீட்டிக் கொண்டுவந்தான்.

ஒரே குறை, மற்ற சீட்டெல்லாம் முதுகில் வெறும் நீலம், இதன் முதுகில் பொன் எழுத்தில் பந்தி நேரம் அச்சாகியிருக்கிறது. யார் கையில் ஆகாய் இருக்கிறது என்று எட்டுப் பேருக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிகிறது, செப்பனியா விழுந்ததும் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. பின்னால் நீலத் தாள் ஒட்டலாம் என்றேன். வேண்டவே வேண்டாம் டீச்சர், இப்படியே இருக்கட்டும் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.